எடின்பரோவிலிருந்து ஒரு நாள்: கிளென்கோவா, கூரஸா?

கேள்வி: ஏப்ரல் நடுவில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். ஒரே நாளில் காரில் கிளென்கோ மலைப் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பலாமா? முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார். இந்திய லைசென்ஸ் செல்லுமா?

பதில்: செல்லும். சுற்றுலா வந்தவர்கள் அதை வைத்தே 12 மாதம் வரை ஓட்டலாம். அங்கும் இடப்பக்கம்தான். வேகப் பலகையில் 60 என்றால் மைல். நம் கணக்கில் 97 கிலோமீட்டர். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள்.

கிளென்கோ வேண்டாம். போவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். அம்மா நாள் முழுக்கக் காரிலேயே கிடக்க வேண்டியிருக்கும். நான் ஃபோர்த் கழிமுகக் கரையில் உள்ள பழைய ஊரான கூரஸுக்குத்தான் (Culross) அனுப்புவேன். பெயரை எழுதும்போது நடுவில் 'ல்' வரும், சொல்லும்போது வராது. முக்கால் மணி நேரப் பயணம்.

வழியில் 2017-இல் திறந்த குயின்ஸ்ஃபெரி பாலம். சுங்கம் கிடையாது. வலப்பக்கம் சிவப்பாகத் தெரிவது 1890-இன் ரயில் பாலம். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழிமுகத்தைக் கடப்பதற்கு முன்பே சவுத் குயின்ஸ்ஃபெரியில் இறங்கி, கரையில் நின்று நிதானமாகப் பார்த்துவிடுங்கள். அக்கரையில் ஆங்காங்கே மஞ்சளாகப் பூத்திருக்கும் முட்புதர், கோர்ஸ். வெயில் பட்டால் அச்சு அசல் தேங்காய் வாசனை! முதல் தடவை நான் யாரோ பிஸ்கட் பிரிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கூரஸ் தெருக்கள் குறுகலானவை, கல் பாவியவை. காரை ஊர் ஓரத்திலேயே நிறுத்திவிடுங்கள். காவி மஞ்சள் பூசிய 'அரண்மனை'யில் ராஜா யாரும் வாழவில்லை. ஜார்ஜ் புரூஸ் என்ற நிலக்கரி, உப்பு வியாபாரி 1597-இல் கட்டத் தொடங்கிய வீடு அது. கடலுக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டியவர். 1617-இல் அதைப் பார்க்க வந்த அரசர் ஆறாம் ஜேம்ஸ், சுரங்கத்துக்குள் போய்க் கடல் நடுவே மேலே ஏறியதும் நாலாபக்கமும் தண்ணீரைக் கண்டு 'துரோகம்!' என்று கத்தினாராம். 1625-இல் புயல் அந்தச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிட்டது.

மாளிகைப் படிகள் ஒடுக்கமானவை. பின்னால் உள்ள தோட்டமும் மேடுதான். அம்மாவுக்குக் கீழே கரையோரப் புல்வெளி போதும். நீங்களும் மகளும் மட்டும் 1217-இல் நிறுவிய மடாலயம் வரை ஏறிப் பாருங்கள். செங்குத்தான ஏற்றம், தட்டையான செருப்பே நல்லது. மாளிகை திறந்திருக்கும் நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். திரும்ப அவசரமே இல்லை.