சைரன் ஒலித்தால் தவறு முழுவதும் எதிரில் வந்தவருடையதா?

கேள்வி: கானாடுகாத்தானில் என் தம்பி ஸ்கூட்டரில் தெருமுனையைக் கடக்கும்போது, குறுக்குத் தெருவிலிருந்து வந்த தனியார் ஆம்புலன்ஸ் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் மோதி, அவனுக்குக் கால் முறிந்தது. சைரன் கேட்டதாம், எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். வழிவிடவில்லை என்று அவன் மீதே வழக்குப் பதிந்துள்ளனர். அவனது ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தது. அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடாதீர்கள். அந்த ஒப்புதல் நாளை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் தம்பிக்கு எதிராகவே நிற்கும்.

அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு சொல்வது உண்மைதான். வண்டிக்குள் ஓர் உயிர் ஊசலாடிக் கொண்டிருக்கும்போது அந்த முன்னுரிமை அவசியமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவசர ஊர்திக்கு அளிக்கும் சலுகை, உரிய எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டும் என்ற கடமையுடன் சேர்ந்தே வருகிறது.

உங்கள் வழக்கில் இடமே முக்கியச் சாட்சி. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடுகளின் நீண்ட மதில்கள், முனையை எட்டும்வரை குறுக்கே வருவதைக் காட்டுவதில்லை. சைரன் ஒலியும் சுவர்களில் பட்டு எதிரொலித்துத் திசையைக் குழப்பும். அத்தகைய முனையில் வேகத்தைக் குறைக்க வேண்டிய பொறுப்பு ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் உண்டு. மோதல் பின்சக்கரத்தில் நிகழ்ந்திருப்பது, ஸ்கூட்டரின் பெரும்பகுதி ஆம்புலன்ஸின் பாதையைக் கடந்துவிட்டது என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் அந்தச் சேதம் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். சைரன் கேட்டும் நிறுத்தாமல் சென்றது உங்கள் தரப்பின் பலவீனம். தவறில் ஒரு பங்கைத் தீர்ப்பாயம் தம்பி மீது சுமத்தக்கூடும். அது 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6 லட்சம் ரூபாய் இழப்பீட்டில் 4.2 லட்சம் கிடைக்கும். உரிமம் காலாவதியானது தனிக் குற்றமே தவிர, அதை மட்டும் வைத்து விபத்துக்கு அவர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. உரிமமின்றி ஓட்டியதாலேயே ஒருவர் கவனக்குறைவானவர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியிருக்கிறது.

முதல் தகவல் அறிக்கை முடிந்த முடிவன்று. தீர்ப்பாயம் தன் முன்னுள்ள சாட்சியங்களை எடைபோட்டு, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்றே பார்க்கும். ஆம்புலன்ஸின் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்கீழ், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அதற்கும் முன்பாக, முனையிலுள்ள வீடுகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தானாக அழிந்துவிடும் முன் கைப்பற்றும்படி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கி வையுங்கள்.