ஸ்டெம் செல் ஊசி போடுவார்களா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கமும் உண்டு. கடைவாய்ப்பல்லை எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். ‘நானோ மேற்பரப்பு, ஸ்டெம் செல்லே எலும்பை வளர்த்துவிடும்’ என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போடுவார்களா டாக்டர்? நம்பலாமா?
- வாசகர், காசிமேடு

பதில்: ஊசி எதுவும் கிடையாது, பயப்படாதீர்கள். அவர்கள் சொல்வது அப்பாவின் உடம்பிலேயே இருக்கும் ஸ்டெம் செல்களைத்தான்.

இம்ப்ளான்ட் என்ற டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் இறக்கியதும் சுற்றிலும் ரத்தம் உறையும். அந்த உறைவுக்குள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் நகர்ந்து வரும். எலும்பாவதா, கொழுப்பாவதா என்று இன்னும் முடிவாகாத செல்கள் அவை. மெல்லிய விரல் போன்ற நீட்சிகளால் திருகைத் தடவிப் பார்க்கும். உங்கள் ஊர்க் கடலோரத் தூண்டில் வளைவுக் கற்கள் மேல் வெறுங்காலோடு நடக்கும்போது பாதம் பிடிமானம் தேடுமே, அப்படித்தான். நல்ல பிடி கிடைத்தால் செல் அகலமாகப் படரும். அதன் உள்நார்கள் விறைக்கும். அந்த இழுவிசை உட்கருவரை போய், எலும்பு செல்லாக மாறச் சொல்லும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் இதை அழகாகக் காட்டினார்கள். பிளாஸ்டிக் பரப்பில் 120 நானோமீட்டர் அகலத்தில் குழிகள், அதன் மேல் ஸ்டெம் செல்கள். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். குழிகளைக் கோலப்புள்ளி மாதிரி நேர்வரிசையில் வைத்தபோது எலும்பு பெரிதாக உருவாகவில்லை. ஒவ்வொன்றையும் 50 நானோமீட்டர் வரை அங்கும் இங்குமாகத் தள்ளி வைத்ததும், மருந்து எதுவும் சேர்க்காமலே எலும்புத் தாது படிந்தது! இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது. வாய்க்குள் எச்சில், கிருமி, மெல்லும் அழுத்தம், சர்க்கரை எல்லாம் இருக்கின்றன.

அதனால் ‘நானோ’ என்ற பெயருக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய வழக்கமான இம்ப்ளான்டிலேயே எலும்பு நன்றாகப் பிடிக்கும். முதலில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c பரிசோதனை) பாருங்கள். அது 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 9, 10 என்றால் அறுவையைத் தள்ளிப்போடச் சொல்வேன். அப்புறம் பீடி. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் வராத இடத்துக்கு ஸ்டெம் செல் எப்படி வரும்? அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தட்டும், எலும்பு பிடிக்கும் மூன்று, நான்கு மாதமும் தொடவேண்டாம். நிறுத்த முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.