எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு எந்த ரீசார்ஜபிள் செல் வாங்கலாம்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பையனோட எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு பென்சில் செல் வாங்கியே கட்டுப்படியாகல சார். ரீசார்ஜபிள் எல்லாம் 1.2 வோல்ட்னு போட்டிருக்கே, ஓடுமா? இல்ல 1.5 வோல்ட் லித்தியம் வாங்கலாமா?"

தாராளமா ஓடும். சாதா ஆல்கலைன் செல்லும் 1.5-லயே நிக்காதுங்க, புதுசுல அவ்ளோ இருக்கும், ஓட ஓட இறங்கிட்டே வந்து பாதி தீரும்போது அதுவும் 1.2 பக்கம்தான் இருக்கும். நீங்க பார்த்த 1.2 வோல்ட் ரீசார்ஜபிள், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நின்னுட்டு கடைசியில சட்டுனு விழுந்துடும். இதனால ஸ்க்ரீன்ல காட்டுற பேட்டரி அளவை மட்டும் ரொம்ப நம்பாதீங்க, அவ்ளோதான்.

நான் வாங்கச் சொல்றது எனலூப் மாதிரி, சும்மா வச்சிருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகை. 2005-ல சான்யோ கொண்டு வந்தது, இப்போ பானாசோனிக் விக்குது. வெள்ளை கலர் சாதா மாடல் சுமார் 2000 எம்ஏஹெச் (செல்லுல எவ்ளோ சார்ஜ் அடங்கும்ங்கற அளவு), கறுப்பு ப்ரோ 2500 பக்கம். ப்ரோதானே பெரிசுன்னு போயிடாதீங்க, கம்பெனி கணக்குப்படியே வெள்ளைய 2100 தடவை சார்ஜ் பண்ணலாம், கறுப்பு 500 தடவைதான். 4600 எம்ஏஹெச்னு பெரிசா அச்சடிச்சு சீப்பா வருது பாருங்க, அது சுத்தப் பொய், இந்த சைஸ்ல 2800-ஐ தாண்டறதே கஷ்டம்.

லித்தியம் 1.5 வோல்ட் மோசம்னு சொல்ல மாட்டேன். உள்ள இருக்கறது 3.7 வோல்ட் செல், குட்டி சர்க்யூட் ஒண்ணு அதை 1.5-ஆ குறைச்சுக் கொடுக்குது, அதனால கடைசி நிமிஷம் வரைக்கும் மீட்டர் ஃபுல்னு காட்டிட்டு மேட்ச் நடுவுல டப்புனு ஆஃப் ஆகும். அட்டையில 3000 எம்டபிள்யூஹெச்னு (வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கின அளவு) போட்டிருந்தா 1.5-ஆல வகுங்க, 2000 எம்ஏஹெச்தான், அதுக்கு ஏன் கூட காசு? தப்பித்தவறி நிக்கல் செல் சார்ஜர்ல இதைப் போட்டுடாதீங்க, ஆபத்து.

மைக்ரோசாஃப்டோட பேட்டரி பேக் சௌகரியம், கேபிள் மாட்டி விளையாடிட்டே சார்ஜ் ஆகும், ஆனா பேக் தேஞ்சுபோனா அந்த கன்ட்ரோலருக்கு மட்டும்னு இன்னொண்ணு வாங்கணும். பென்சில் செல்னா டிவி ரிமோட், சுவர் கடிகாரம்னு எங்கேயாவது ஓடும். இன்னொண்ணு, சாதா ரீசார்ஜபிள் செல்ல உள்ள போட்டுட்டு யூஎஸ்பி மாட்டினா சார்ஜ் ஏறும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஏறாது, வெளிய எடுத்து சார்ஜர்ல போட்டே ஆகணும்.

அந்த சார்ஜர்லதான் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஏத்திக்கிட்டே இருக்கற மலிவு சார்ஜர் நல்ல செல்லையும் சூடாக்கிக் கெடுத்துடும். ஒவ்வொரு செல்லுக்கும் தனி லைட் எரிஞ்சு, ஃபுல்லானது தானா நிக்கற ஸ்மார்ட் சார்ஜரா பாருங்க. நாலு செல் வாங்கி ரெண்டு ரெண்டா மார்க்கர்ல குறி போட்டு வச்சுக்கோங்க, ஜோடிய மாத்திப் போட்டா வீக்கான செல் முதல்ல காலியாகி தலைகீழா சார்ஜ் ஏறிக் கெட்டுடும்.

பையன் பிசி பக்கத்துலயே உக்காந்து ஆடுறான்னா செல்லே வேண்டாம், டேட்டா போற யூஎஸ்பி கேபிள் ஒண்ணு மாட்டினா போதும், கன்ட்ரோலர் அதுலயே ஓடும்.