சீட்டு எங்கே போய்ச் சேர்கிறது?

அன்புள்ள அண்ணா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் கடையில் கணக்கு பார்க்கிறேன். எடைச்சீட்டெல்லாம் போஸ்ட்கிரெஸ் 12 என்ற டேட்டாபேஸில் ஏறுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க். லாரிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை சில விநாடி உறைந்துவிடுகிறது. மாற்றத்தை மெமரியில் வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்கில் எழுதும் என்கிறார்கள். மின்சாரம் போனால் சீட்டும் போய்விடுமா? மெமரியில் மாறியதையெல்லாம் டிஸ்கில் எழுதும் செக்பாயிண்ட்டை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடலாமா? எழுதியது நிஜமாகவே டிஸ்கில் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்சிங்கை அணைத்தால் வேகம் கூடும் என்கிறார் நண்பர்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எஃப்சிங்கைத் தொடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு மளிகைக் கடைக்கு நானே அதை அணைத்துக் கொடுத்தேன். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் வந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. பத்து நாள் பற்று வரவை அந்தக் கடைக்காரர் ஞாபகத்திலிருந்து எழுதினார். இன்றும் அந்தக் கடைப் பக்கம் போனால் எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். பால் நிறுக்கும்போது எடையைச் சட்டைப்பை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போவார். ஆளாளுக்குப் பக்கம் தேடி செக்ரோல் என்ற பெரிய பதிவேட்டில் ஏற்றுவது சாயங்காலம்தான். நிறுக்கிற இடத்தில் பெரிய புத்தகத்தைப் புரட்டினால் வரிசை நகராது. ஆனால் நோட்டில் ஏறாத எடையை எவருக்கும் அவர் சொன்னதில்லை.

போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். நீங்கள் சேமித்ததும் மாற்றம் வால் (WAL) என்கிற லாகில், அதாவது மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் பதிவில், எழுதப்பட்டு, டிஸ்கில் இறங்கிய பிறகே 'சரி' என்று பதில் வரும். சீட்டு இருக்கும் எட்டு கிலோபைட் பக்கம் மட்டும் மெமரியில் மாறிய நிலையில் காத்திருக்கும். பத்துச் சீட்டு ஒரே பக்கத்தைத் தொட்டாலும் ஒருதடவை எழுதினால் போதும். மின்சாரம் போனாலும் லாகை மறுபடி ஓட்டிப் பக்கங்களைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே 'சரி' வந்த சீட்டு போகாது, எஃப்சிங் உயிரோடு இருக்கும்வரை.

பக்கங்களை இறக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். பேக்ரவுண்ட் ரைட்டர் 200 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழுந்து, அதிகபட்சம் நூறு பக்கம் எழுதிவிட்டுத் தூங்கும். புதுப் பக்கத்துக்கு இடம் தேடும் வேலையை உங்கள் சீட்டு செய்ய வேண்டாமே என்பதற்காக. செக்பாயிண்ட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது லாக் ஒரு ஜிபியை நெருங்கும்போது, மாறிய அத்தனையையும் எழுதும். கடைசியில் எஃப்சிங் கேட்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் தேக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக இறங்கும். பழைய டிஸ்கின் தலை அங்குமிங்கும் ஓட, லாகும் அதே வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. உங்கள் திரை உறைவது பெரும்பாலும் இங்கேதான்.

நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டாம். செக்பாயிண்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது முழுப்பக்கமும் லாகில் ஏறும். அடிக்கடி செய்தால் லாக் வீங்கும். மாறாக, எழுதும் வேலையை இடைவெளியின் எவ்வளவு பங்கில் பரப்புவது என்று சொல்லும் செக்பாயிண்ட் கம்ப்ளீஷன் டார்கெட்டை 0.9 ஆக்குங்கள். 14ஆம் பதிப்பிலிருந்து அதுதான் வழக்கம், உங்கள் பதிப்பில் 0.5. இடைவெளியைப் பதினைந்து நிமிடமாக்கி, லாகின் அளவு வரம்பான மேக்ஸ் வால் சைஸையும் ஏற்றுங்கள். மின்சாரம் போனபின் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு செக்பாயிண்ட்டையும் குறித்துவைக்கும் லாக் செக்பாயிண்ட்ஸ் அமைப்பை இயக்கி ஒருநாள் பாருங்கள். உறையும் நேரமும் செக்பாயிண்ட் முடியும் நேரமும் ஒத்துவந்தால் எனக்கு எழுதுங்கள், அப்புறம் டிஸ்கை மாற்றுவது பற்றிப் பேசலாம்.