குழந்தையின் குடலுக்குள் யாருக்குச் சாப்பாடு?

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் தருகிறேன். குடலில் நல்ல பாக்டீரியா வளர புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய) சொட்டு மருந்தும் தர வேண்டுமா?

பதில்: நலமாக வளரும் குழந்தைக்குத் தேவையில்லை. தாய்ப்பாலில் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள், ஒலிகோசாக்கரைடு எனும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள். லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம். சீம்பாலில் இன்னும் அதிகம். வேடிக்கை என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்குப் போய், பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது. அதில் 'இன்ஃபான்டிஸ்' என்ற வகை, சங்கிலியை முழுசாகத் தன் செல்லுக்குள் இழுத்து, உள்ளே வைத்தே வெட்டித் தின்னும். வெளியே சிந்தினால்தானே மற்ற கிருமிகள் பொறுக்கும்! அது வெளியேற்றும் அசிட்டிக், லாக்டிக் அமிலங்கள் குடலைப் புளிப்பாக்கி, கெட்ட கிருமிகளைக் கட்டுப்படுத்தும். மலத்தில் லேசான புளிப்பு வாடை வருவது இதனால்தான். அது இளகலாக, மஞ்சளாகப் போவதும் இயல்புதான். வயிற்றுப்போக்கு என்று பயந்து பாலை நிறுத்தாதீர்கள்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சொட்டு மருந்தே ரத்தத்தில் தொற்றை உண்டாக்கலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி: பால் பவுடர் குடிக்கும் குழந்தைக்கு?

பதில்: நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகச் சேர்க்கப்படும் சர்க்கரைச் சங்கிலிகளான 'காலக்டோ ஒலிகோசாக்கரைடு' அல்லது '2'-ஃப்யூகோசைல்லாக்டோஸ்' டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். தாய்ப்பாலில் இப்படிப்பட்ட சங்கிலிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, டப்பாவில் ஒரு சிலதான். நல்லது என்று நினைத்துத் தேனைக் கொடுத்துவிடவே வேண்டாம்: ஒரு வயதுக்குள் பாட்டுலிசம் எனும், தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோய் வரும் ஆபத்து உண்டு.