அஜைல் முறையில் ஹோட்டலுக்குச் சாமான் வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் 24 அறை ஹோட்டல் ஒன்றில் கொள்வனவு பார்க்கிறேன். முதலாளியின் மகன் கொழும்பில் மென்பொருள் கம்பனியில் இருந்து வந்தவர், இனி எல்லாம் அஜைல் என்கிறார். சாமான் வாங்குவதற்கு இது சரிவருமா?

பதில்: சரிவரும், எல்லாச் சாமானுக்கும் இல்லை. அஜைல் என்பது, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்யாமல், சின்னச் சின்னத் துண்டாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டு போகும் மென்பொருள்காரர்களின் வேலை முறை. இப்போது அங்கே நடப்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. காலையில் எல்லாரும் வட்டமாக நின்று கூட்டம், சுவர் நிறையக் கலர் துண்டுகள், கையெழுத்துக்கு மட்டும் பழையபடி ஒன்பது நாள் காத்திருப்பு. அப்படியென்றால் உங்களுக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

2001 இல் 17 பேர் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தில் இருப்பது நான்கு ஒப்பீடுகள். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது மேல் என்பது மூன்றாவது. உங்களுக்கு உரியது அதுதான், ஆனால் இங்கே வாடிக்கையாளர் நீங்கள். ஆவணம் வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. கணக்காய்வாளர்கள் சண்டைக்கு வரமுன் சொல்லிவைக்கிறேன்.

முதல் வேலை, கடைசியாக வாங்கிய பத்துச் சாமான்களின் ஃபைல்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு திகதி: கேட்டது, கொட்டேஷன் வந்தது, கையெழுத்தானது, ஓடர் போனது, சாமான் வந்தது, காசு கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் ஆள் உட்கார்ந்து வேலை செய்த நேரம் சில மணித்தியாலம்தான் இருக்கும், மீதி முழுக்க மேசையில் கிடந்த நாட்கள். 40 கோரிக்கை நிலுவையில் கிடந்து வாரத்துக்கு 8 தான் முடிகிறதென்றால் இன்று கேட்பவருக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைக்கும். "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதினால் இன்னொருவருடையது பின்னுக்குப் போகும், வரிசை குறையாது.

அடுத்தது பிரிப்பது. சவர்க்காரம், அரிசி, காஸ், நீச்சல் தடாகத்துக் குளோரின் போன்றவற்றுக்கு அஜைல் தேவையே இல்லை. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தெரிந்த சாமானைப் பற்றிக் கூட்டம் வைப்பது வீண். ஓர் அறைக்கு நாளைக்கு இரண்டு சவர்க்காரம், 24 அறையில் நூற்றுக்கு 80 வீதம் நிரம்பினால் நாளைக்கு ஏறத்தாழ 38. சப்ளையர் கொண்டுவர ஆறு நாள் என்றால் 230, பிந்தினால் சமாளிக்க மூன்று நாளுக்கு 115, மொத்தம் 345. 350 சவர்க்காரத்தைத் தனியாக ஒரு பெட்டியில் கட்டி, மேலே ஓர் அட்டையை வையுங்கள். அந்தப் பெட்டியில் கைவைக்கும் நாளில் அட்டை ஓடர் பண்ணுபவரிடம் போகட்டும். ஜப்பானிய வாகனத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த கன்பான் இதுதான்.

மீன் வேறு கதை. காலையில் வள்ளம் வந்த பிறகுதான் விலையே தெரியும். பௌர்ணமியை ஒட்டி, வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் மீன் குறையும். ஆகவே அறுக்குளா என்று மெனுவில் அச்சடித்துவிட்டு என்ன விலைக்கும் வாங்கி ஓடாமல், "இன்றைய மீன்" என்று ஒரு வரி போட்டு, பாரையோ கணவாயோ அன்று கிடைத்ததைச் சமையல்காரர் எழுதட்டும். வாங்குபவருக்குக் கிலோவுக்கு ஓர் உச்ச விலையை முதல்நாளே கொடுத்துவிடுங்கள். மீன்காரரிடம் பில் இருக்காது. உங்கள் வவுச்சரில் எடை, விலை, அவர் கையொப்பம் போதும், ஆனால் நிறுப்பவர் வாங்கியவராக இருக்கக்கூடாது.

அஜைல் உண்மையில் உதவுவது, வேண்டியது என்னவென்று முன்கூட்டித் தெரியாத ஒற்றைக் கொள்வனவுகளுக்கு. படுக்கை விரிப்பை எடுங்கள். அறைக்கு மூன்று சோடி, மொத்தம் 72. மாதிரித் துண்டைத் தடவிப் பார்த்து 72 ஐயும் ஒரே ஓடரில் எடுப்பதுதான் வழமை. மெத்தை 72க்கு 78 அங்குலம், தடிப்பு 8 அங்குலம் என்று வையுங்கள். 110 அங்குல நீள விரிப்பில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் செருக 8 அங்குலம் கிடைக்கும். பருத்தி நூற்றுக்கு 5 சுருங்கினால் ஐந்தரை அங்குலம் போய், செருக மிஞ்சுவது ஐந்தே கால். விடிய எழும்பிப் பார்த்தால் விரிப்பு நடுவில் சுருண்டு கிடக்கும், விருந்தினர் படம் எடுத்துப் போடுவார். எனவே முதலில் 6 சோடி, இரண்டு அறையில் மூன்று வாரம், உங்கள் கிணற்று நீரிலேயே 15 தடவை கழுவி அளந்து பாருங்கள். அடுத்த ஓடரில் நீளம் 116 என்று எழுதலாம், துணியையே மாற்றலாம். ஸ்பிரின்ட் என்று முதலாளியின் மகன் சொல்வது இப்படிச் செய்து பார்க்கும் குறுகிய தவணையை, இங்கே இந்த மூன்று வாரம்தான்.

சப்ளையரிடம் மறைக்காதீர்கள். "72 வேண்டும், முதல் 6க்கு இப்போதே காசு, சரிவந்தால் மீதி உங்களிடமே" என்று சொன்னால் சின்ன ஓடருக்கும் மதிப்பார். 6 ஐ எடுத்து, விலையைக் குறைத்து, 60 நாள் கடனும் கேட்டு, அதற்கு அஜைல் என்று பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த சீசனில் அவர்களின் போனை யாரும் எடுப்பதில்லை.

குளிரூட்டி, குழாய், பிணைச்சல் வாங்கும்போது மொடல் நம்பர் எழுதிக் கொட்டேஷன் கேட்காதீர்கள், பிரச்சினையை எழுதுங்கள்: "சமையலறை 35 பாகை, பகலில் கதவு 60 தடவை திறபடும், உள்ளே 5 பாகைக்கு மேல் ஏறக்கூடாது, கடலில் இருந்து 100 மீற்றர்." கடல் தூரத்தை எழுதாமல் விட்டால் 304 ரகத் துருப்பிடிக்காத உருக்குத்தான் (ஸ்டெயின்லஸ் ஸ்டீல்) வரும். உப்புக் காற்றுக்கு மொலிப்டினம் கலந்த 316 தேவை. விலை கூட, ஆனால் துருப்புள்ளி அவ்வளவு இலகுவில் வராது.

ஆண்டுக்கு ஒரே விலை என்று எழுதும் ஒப்பந்தத்தையும் மாற்றவேண்டும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அப்படியான நேரத்தில் நிலையான விலைக்குச் சப்ளையர் சாமான் தரமாட்டார், "ஸ்டொக் இல்லை" என்பார். சாமான் பட்டியலும் நிபந்தனையும் ஆண்டுக்கு, விலை ஆறு வாரத்துக்கு, அளவு அந்தந்த ஓடரில் என்று பிரித்து எழுதுங்கள். இரு பக்கமும் 30 நாள் அறிவித்தலில் விலகலாம் என்று ஒரு வரியும் சேருங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். முழுத் தாமதமும் அங்கேதான். உதாரணமாக 25,000 ரூபா வரை ஸ்டோர் கீப்பர், 150,000 வரை முகாமையாளர், அதற்கு மேல் முதலாளி, மூன்று கொட்டேஷனும் அதற்கு மட்டும். மாத முடிவில் சின்ன பில்களில் பத்தைக் குருட்டுத்தனமாக உருவி, கடைக்குப் போன் பண்ணி விலை கேளுங்கள். ஒரு சாமானை நாலாக உடைத்து எல்லைக்குள் நுழைப்பதற்கு ஸ்பிரின்ட் நல்ல சாட்டு, அதைப் பிடிக்க இதுவே வழி. அரச அலுவலகத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு: உங்கள் கொள்வனவு விதிகள் வேறு, இந்த எல்லைகளை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சின்னச் சின்னதாக வாங்குவதில் ஒரு நட்டமும் உண்டு, லொறிக் கூலி. கொழும்பில் இருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். அதைவிட எரிச்சல், "நாடு முழுவதும் இலவச விநியோகம்" என்று விளம்பரம் போட்டுவிட்டு, திருகோணமலை என்றதும் "அவுட்ஸ்டேஷன் சார்ஜ்" என்று ஒரு வரி சேர்ப்பது. துறைமுகமும் ரயிலும் உள்ள ஊர் இது, சந்திரமண்டலம் இல்லை. அந்தத் தொகையைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பரீட்சைச் சாமானை மட்டும் தனியாக எடுத்து, மீதியைப் பக்கத்து ஹோட்டலோடு சேர்த்து ஒரே லொறியில் போடுங்கள். பெரிய சாமான்களின் பரீட்சையைப் பெப்ரவரி, மார்ச்சில் முடியுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை அறை நிரம்பிக் கிடக்க யார் மெத்தை பார்ப்பது?

மென்பொருள் எதுவும் வாங்கவேண்டாம். ஸ்டோர்ஸ் கதவில் ஒரு பலகை, மேலே சொன்ன ஆறு திகதிக்கும் ஆறு நிரல். கையெழுத்து நிரலில் நாலு அட்டைக்கு மேல் தொங்கக்கூடாது, ஐந்தாவது வந்தால் முதலாளியின் மகனே கீழே இறங்கி வரவேண்டும். ஒட்டும் துண்டு அங்கே நிற்காது, உப்பு ஈரத்தில் சுருண்டு மின்விசிறிக் காற்றுக்குப் பறக்கும். ஆணி அடித்து, துளை போட்ட தடித்த அட்டையைக் கொழுவுங்கள்.