வடிகட்டி இல்லாமல் வைக்கப்பட்ட ஸ்டென்ட்: பக்கவாதத்துக்கு இழப்பீடு கோர முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. அறிகுறி எதுவும் இல்லாத நிலையில், பரிசோதனையில் இடது கழுத்துத் தமனியில் 80 விழுக்காடு அடைப்பு தெரியவந்தது. அதற்கு ஸ்டென்ட் (தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த அன்றே வலது கை செயலிழந்தது; பேச்சும் போய்விட்டது. ‘மூளைப் பாதுகாப்பு வடிகட்டியைச் செலுத்த இயலவில்லை, அது இல்லாமலே ஸ்டென்ட் பொருத்தப்பட்டது’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால், பக்கவாதம் வந்ததையும் வடிகட்டி இல்லாததையும் மட்டும் காட்டிக் கவனக்குறைவை மெய்ப்பித்துவிட முடியாது.

பலூனை விரித்து ஸ்டென்ட்டைப் பதிக்கும்போது தமனிச் சுவரில் படிந்தவை துணுக்குகளாகப் பெயர்ந்து மூளைக்குச் செல்லக்கூடும். அவற்றைப் பிடிக்கவே அடைப்புக்கு அப்பால் குடைபோல் விரியும் வடிகட்டி வைக்கப்படுகிறது. அதுவும் முதலில் அடைப்பைக் கடந்தாக வேண்டும் என்பதால், தமனி மிகவும் வளைந்தோ குறுகியோ இருந்தால் போகாமல் நின்றுவிடுவது உண்டு. ஆகவே ‘இயலவில்லை’ என்ற விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கு அடுத்த நிமிடம் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. அடைப்புக்கு முன்னுள்ள பகுதியிலேயே பலூனால் இரத்த ஓட்டத்தை நிறுத்தியோ திருப்பியோ மூளையைக் காக்கும் முறை பரிசீலிக்கப்பட்டதா? அறிகுறியே இல்லாத ஒருவருக்கு அன்றைக்கே முடித்தாக வேண்டிய அவசரம் என்ன? சிகிச்சையை நிறுத்திவிட்டு, அடைப்பை அகற்றும் அறுவை சிகிச்சையா மருந்து மட்டுமா என்று அவரிடமே கேட்டிருக்கலாமே? பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில், பாதுகாப்பின்றி ஸ்டென்ட் வைப்பதை நிறுத்துமாறு அதன் பாதுகாப்புக் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. உங்கள் தரப்பு மருத்துவ வல்லுநர் இதை எடுத்துக்காட்டலாம்.

வடிகட்டி இருந்தாலும் பக்கவாதம் வரும் என்று மருத்துவமனை வாதிடும், அதுவும் பொய்யல்ல. ஸ்டென்ட்டையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 2,500 பேரைக் கொண்டு நடந்து 2010-ல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், இயன்றவரை வடிகட்டியுடன் ஸ்டென்ட் வைத்தும் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் 4.1 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் அது 2.3 விழுக்காடு. மாரடைப்பு மட்டும் அறுவை சிகிச்சையில் கூடுதல். ஆனால் அதே எண்களைக் கொண்டு நாமும் கேட்போம்: இந்த வேறுபாடு உங்கள் தந்தைக்குச் சொல்லப்பட்டதா? மாற்று வழிகளையும் முக்கியமான ஆபத்துகளையும் விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2008-லும் (சமீரா கோலி வழக்கு), பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-லும் (மாண்ட்கோமரி வழக்கு) தெளிவுபடுத்தியுள்ளன. அச்சிட்ட படிவத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் இதற்குப் போதாது.

ஆகவே முதல் வேலை ஆவணங்களைப் பெறுவது. ஒப்புதல் படிவம், சிகிச்சைக் குறிப்பு, செவிலியர் பதிவுகள், மூளை ஸ்கேன், இவற்றோடு ஆஞ்சியோகிராம் வீடியோ பதிவையும் எழுத்து மூலம் கேளுங்கள். பிரித்துப் பயன்படுத்திய கருவிகளின் ஸ்டிக்கர்கள் வழக்கமாகக் கோப்பில் ஒட்டப்படும். பில்லிலும் அவை இடம்பெறும். வடிகட்டியைச் செலுத்த முயன்றது உண்மையானால் அதன் ஸ்டிக்கர் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கின் போக்கே மாறலாம். எனவே அதை நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று: பேச்சு போனதாலேயே அவர் புரிந்துகொள்ளும் திறனையும் இழந்துவிட்டதாக யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். புரிதல் இருக்கும்வரை வழக்கு அவருடையது. இடது கையால் கையெழுத்திட்டோ பெருவிரல் ரேகை வைத்தோ உங்களுக்கு அதிகாரம் அளிக்கலாம். அத்திறன் இல்லையென்றால் மட்டுமே அவர் சார்பில் பாதுகாவலராக நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

வழக்குத் தொடர்வதற்கான காலவரையறை நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலும் சில ஆண்டுகளே. மருத்துவமனையுடன் பேச்சுவார்த்தை நடப்பதால் மட்டும் அந்தக் காலம் நீளாது. ஆவணங்கள் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே கொடுத்து, தேதியுடன் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.